அரைக் குதிரை எனக்கு, அரைக் குதிரை தம்பிக்கு

எனக்கு ஒரு அரைக் குதிரை இருக்கு. மற்ற அரை என்ரை தம்பி கிளிபோட்டின்ரை. உனக்கு முன்பக்கமோ பின்பக்கமோ எண்டு கேக்கிற ஆக்கள் கனபேர். முழுக் குதிரைக்கும் பேர் நோர்மன். நல்ல வெள்ளை. முந்தின சொந்தக்காரர் வைச்ச பேர் அது, மாத்தினால் கூப்பிடத் திரும்பிப் பாக்கமாட்டானாம். மாத்தாமல் கூப்பிட்டும் அவன் திரும்பிப் பாக்கிறேல்லை.

என்ரை மனுசன் பஸ்ரியன் உயிரோடை இருக்கேக்கை வந்த யோசினை இது. ஆரோ ஒரு மாப்பிளை மார்க்கம் றோட்டிலை குதிரையிலை வந்து இறங்கினதைப் பாத்திட்டு, "யூஜினி, நீயும் தம்பியும் சேந்து ஒண்டு வாங்குங்கோவன், ஊரெல்லாம் கலியாணம்தானே" எண்டார். வாங்கினம். ஸ்ரௌவில் பக்கம் ஒரு பண்ணையிலை கொண்டுபோய் விட்டம். அண்டைக்குத் தொடங்கினது சண்டை.

நான் ஸ்காபரோவிலை கார் ஓடப் பழக்கிறனான். மோர்னிங்சைட் பக்கம் ஸ்ரியறிங் பிடிக்கிற சனத்திலை அரைவாசி என்னட்டை ஏச்சு வாங்கினதுதான். எனக்குத் தெரிஞ்ச முறை ஒண்டு: சொல்லுறது, செய்விக்கிறது. நட எண்டால் நடக்கோணும், நில் எண்டால் நிக்கோணும். காரிலை என்ரை காலடியிலை எனக்கெண்டு ஒரு பிறேக் இருக்கும். குதிரையிலை அது இல்லாததுதான் குறை. கிளிபோட் வீடு விக்கிறவன். அவன் நோர்மனோடை நீங்கள், வாங்கோ எண்டுதான் கதைப்பான். லாயத்துக்குள்ளை போகமுதல் கதவிலை தட்டுவான். "நோர்மன், இந்தப் பக்கம் நல்ல வெயில் வரும் பாருங்கோ, புல்லும் புதுசு. அவசரமில்லை, ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ" எண்டுவான். யோசிச்சுச் சொல்லவோ! குதிரையோ!

குளிர் வந்தால் அவன் நோர்மனுக்கு ஜக்கெற் வாங்கிக் கொழுவுவான். கடவுள் குடுத்த சடை இருக்கேக்கை உது ஏன் எண்டு நான் போய்க் கழட்டுவன். பண்ணையிலை மற்ற ஆக்களும் சரியில்லை. ஒருத்தி தன்ரை குதிரைக்கு ஒவ்வொரு பின்னேரமும் வெதர் வாசிச்சுக் காட்டுறாள். இன்னொருத்தர் தன்ரை குதிரையை வாங்கின நாள் தொட்டு ஒருக்காலும் தொடேல்லை. அது தானா வந்து தன்னைத் தொடோணுமாம். வருசக்கணக்கா வேலிக்கரையிலை கதிரை போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார். கிளிபோட்டுக்கு அந்த மனுசனிலை சரியான மரியாதை.

பஸ்ரியன் செத்தாப் பிறகு கிளிபோட் என்ரை வீட்டுப் படி மிதிக்கேல்லை. நானும் வா எண்டு கூப்பிடேல்லை. சனிக்கிழமையிலை பண்ணையிலை சந்திப்பம். நோர்மனை நடுவிலை விட்டு, லாயத்திலையிருந்து புல்லுத்தரை மட்டும் சண்டை பிடிச்சுக்கொண்டு நடப்பம். குதிரைச் சண்டை மட்டும்தான். பேந்து அவரவர் காரிலை ஏறிப் போயிடுவம்.

அப்பத்தான் என்ரை ஒரே மகள் ஷரோனுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிளை கஜீவன் நல்ல பெடியன். அவையள் சைவக்காரர், நாங்கள் வேதக்காரர். முதல் ஹோலிலை ஐயர் வைச்சுத் தாலி, அடுத்த கிழமை சேர்ச். ஷரோன் என்னட்டை ஒண்டுதான் கேட்டாள்.

"அம்மா, அப்பா இல்லை. மாமாதான் என்னைக் கையிலை பிடிச்சு மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகோணும். நீங்களே அவரைக் கேளுங்கோ, பிளீஸ்."

ஓமெண்டு தலையாட்டினன். கேக்கேல்லை. கேட்டுப் பழக்கமில்லையே எனக்கு! "கலியாணத்தண்டு நோர்மனைக் கொண்டு ஹோலுக்கு வா" எண்டு ஓடர் போட்டன். "வாசல் மட்டும் கொண்டந்து விடுறன் அக்கா" எண்டான் அவன். கூப்பிட்டால்தான் உள்ளுக்கு வருவான் எண்டு எனக்கு விளங்கினது. கூப்பிட வாய் வரேல்லை.

கலியாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முதல் பண்ணையிலை பழக்கிப் பாத்தம். நான் "நட" எண்டன். நோர்மன் நிண்டான். கிளிபோட் "உங்களுக்கு விருப்பமெண்டால் நடக்கலாம்" எண்டான். அதுக்கும் நிண்டான். கரட் காட்டினம், கயித்தைப் பிடிச்சு இழுத்தம், ம்ஹும்.

"நீ செல்லம் குடுத்துப் பழுதாக்கிப் போட்டாய்."

"நீங்கள்தான் அக்கா வெருட்டி வைச்சிருக்கிறியள்."

பிடிச்ச சண்டையிலை நிமிந்து பாத்தால் நாங்கள் அந்தப் பக்கத்து வேலியடியிலை நிக்கிறம், நடுவிலை நோர்மன். திகைச்சுப்போய் வாயை மூடினம். அவனும் நிண்டிட்டான். சும்மா "நீ விசரன்" எண்டு தம்பியை ஏசிப் பாத்தன். நோர்மன் காதைக்கூட ஆட்டேல்லை. "உன்ரை ஜக்கெற்றைப் பாத்தால் பிணத்துக்குப் போத்தினமாதிரிக் கிடக்கு" எண்டன். கிளிபோட்டுக்கு மெய்யாவே கோபம் ஏறிச்சு. நோர்மன் நடக்கத் தொடங்கினான். கோதாரி! இவ்வளவு காலமும் எங்களிட்டை அவன் படிச்சது உது ஒண்டுதான்: மெய்ச் சண்டை எண்டால் நடக்கிறது.

கலியாணத்தண்டு ஹோலின்ரை பார்க்கிங் லொட் கடைசி மூலையிலையிருந்து வெளிக்கிட்டம். கஜீவன் தலைப்பாகையோடை மேலை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. மேளமும் நாதஸ்வரமும் முன்னுக்கு. கஜீவன்ரை தகப்பன் விநாயகமூர்த்தி அண்ணை மணிக்கூட்டைப் பாத்தபடி பக்கத்திலை. "நேரம் தப்பினால் தாலி கட்டேலாது, இப்பவே சொல்லிப்போட்டன்" எண்டு காலமையே அறுத்துறுத்துச் சொன்ன மனுசன்.

நானும் கிளிபோட்டும் ஆளுக்கொரு பக்கமா நிண்டு தொடங்கினம். ஜக்கெற், கரட், லாடம். நோர்மன் நல்ல வடிவா நடந்தான். சனம் போனைத் தூக்கிப் படம் எடுத்தது.

"உதென்ன, ரெண்டு பேரும் அடிபட்டுக்கொண்டு வருகினம்?" எண்டு ஒரு மனுசி கேட்டா.

"அது வேதக்காரற்றை முறை" எண்டா பக்கத்திலை நிண்ட மற்றவ.

லொட்டின்ரை நடுவிலை எங்களுக்குக் கதை முடிஞ்சு போச்சு. நோர்மன் மெள்ள மெள்ளமா நிண்டான். விநாயகமூர்த்தி அண்ணை மணிக்கூட்டிலை தட்டிக் காட்டினார். பதகளிப்பிலை என்ரை வாயிலையிருந்து இது விழுந்தது:

"பஸ்ரியன்ரை முப்பத்தோராம் நாளுக்குக்கூட நீ வரேல்லை!"

கிளிபோட்டின்ரை முகம் கறுத்தது. "வராதை எண்டு சொன்னது ஆர்? ஆஸ்பத்திரி வாசலிலை நிண்டு, 'ஒருத்தரும் என்ரை வீட்டுப் பக்கம் வரவேண்டாம்' எண்டு குழறினது ஆரக்கா?"

"சொன்னால்? சொன்னால் வராமல் விடுறதோ, மடையா!"

"நீங்கள் சொன்னதை நான் எப்பவாவது மீறி இருக்கிறனோ? உங்கடை தெருவிலை காரை விட்டிட்டு, வீட்டு லைற்றைப் பாத்துக்கொண்டு எத்தினை பின்னேரம் இருந்தனான் தெரியுமோ? கூப்பிடுவியள், கூப்பிடுவியள் எண்டு."

நோர்மன் எடுத்த வேகத்துக்கு மேளக்காரர் ஓடவேண்டிப் போச்சு. கஜீவன் பிடரி மயிரைக் கட்டிப்பிடிச்சான்.

"இருட்டுக்கை நிண்ட அந்தச் சாம்பல் கார் நீயோ? நான் பொலிசுக்குப் போன் அடிக்க இருந்தனான்ரா!"

"அடிச்சிருந்தாலாவது கதவைத் திறந்து வெளியிலை வந்திருப்பியள்."

அதுக்கு மேலை என்னாலை ஏலாமல் போச்சு. சீலைத் தலைப்பாலை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதன். அவனும் அழுதான். நோர்மன் வாசலுக்குக் கிட்ட, சிவப்புக் கம்பளம் தொடங்கிற இடத்திலை, நிண்டிட்டான்.

"அன்ரி, பிளீஸ், சண்டை பிடியுங்கோ" எண்டு கஜீவன் மேலையிருந்து கெஞ்சினான்.

"நேரம் போகுது!" எண்டு விநாயகமூர்த்தி அண்ணை கத்தினார்.

ஏசுவம் எண்டு வாயைத் திறந்தன். ஏச்சு வரேல்லை. "தம்பி," எண்டன், "வாசலோடை போகாதை. உள்ளுக்கு வாவன். ஷரோனைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறியோ? உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்." நான் ஒருத்தரைக் கெஞ்சிக் கேட்டது என்ரை சீவியத்திலை அதுதான் முதல்தரம். எனக்கு வெக்கமாயும் இருந்தது, பெரிய பாரம் இறங்கினமாதிரியும் இருந்தது.

கிளிபோட் கண்ணைத் துடைச்சான். "வாறன் அக்கா. கூப்பிட்டால் வராமல் விடுவனே." பேந்து நோர்மனைப் பாத்தான். "இவரை ஆர் பாக்கிறது?"

"மாப்பிளையை இறக்கிப்போட்டு லைற் கம்பத்திலை கட்டு."

"இந்த வெயிலுக்கையோ? அவரை ஒரு வார்த்தை கேக்காமலோ?"

"குதிரையைக் கேட்டோ நான் பிள்ளைக்குக் கலியாணம் செய்யிறது?"

"உதுதான் அக்கா உங்கடை பிழை. ஒருத்தரையும் கேக்கிறேல்லை."

"இப்பதானேயடா கேட்டனான்! உனக்கு ஒருக்காக் கேட்டால் காணாதோ?"

நாங்கள் நடக்கிறது எனக்குத் தெரிஞ்சது. எங்கை நடக்கிறம் எண்டதுதான் தெரியேல்லை. காலுக்குக் கீழை மெத்தெண்டு இருந்தது, முகத்திலை ஏ.சி. குளிர் பட்டது. "ஐயோ அம்மா" எண்டு கஜீவன் குனிய, கதவு நிலை தலைப்பாகையைத் தட்டி விழுத்தினது. நாங்கள் கம்பத்துச் சண்டையை விடேல்லை. சனம் கதிரையளை இழுத்து வழி விட்டது. வேதக்காரற்றை முறை எண்டு நினைச்சோ என்னவோ, ஒருத்தரும் மறிக்கேல்லை. மணவறையிலை ஐயர் நெய்க் கரண்டியைத் தூக்கினபடி அப்பிடியே இருந்தார்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஷரோன் நகை நட்டோடை வாசலிலை நிண்டாள். அவள் குதிரையைப் பாக்கேல்லை. மாப்பிளையையும் பாக்கேல்லை.

"மாமா!" எண்டு கையை நீட்டினாள். "உள்ளுக்கு வந்திட்டியள்!"

நாங்கள் ரெண்டு பேரும் வாயை மூடினம். நோர்மன் மணவறைக்கு முன்னாலை நிண்டிட்டான். கிளிபோட் கயித்தை என்ரை கையிலை தந்திட்டு, என்ரை பிள்ளையின்ரை கையைப் பிடிக்கப் போனான்.

கலியாணப் படம் எல்லாத்திலையும் நோர்மன் இருக்கிறான். அவனை வெளியிலை நடத்திக்கொண்டு போறதுக்கு, அண்டைக்கு எங்களிட்டை வேறை சண்டை மிஞ்சேல்லை.