ஆயிரத்து நூறு மீட்டர் சாம்பியன்

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில், முதல் ஆயிரத்து நூறு மீட்டர் வரை ஃபெர்கல் டூஹியை முந்த அயர்லாந்தில் ஆள் கிடையாது. மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் ஓடவே தொடங்குவார்கள். அத்தனை வருட ஓட்டத்தில் அவர் வென்ற பெரிய பரிசு ஒரு தேநீர்க் கெண்டி. அதுவும் மூன்றாவதாக வந்தவன் யாரையோ இடித்துத் தள்ளித் தகுதி இழந்ததால் கைக்கு வந்தது. ஊரில் அவரை 'ஆயிரத்து நூறு மீட்டர் சாம்பியன்' என்றார்கள். பட்டம் சூட்டியது அவர் மனைவி நுவாலாதான்.

ஒவ்வொரு பந்தயத்திலும் அவருடைய கம்பளிச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு அவள் கடைசி வளைவில் நிற்பாள். முதல் சுற்றிலேயே, "ஏ ஃபெர்கல், உன்னை யாரு துரத்துறா? கொஞ்சம் மிச்சம் வையேன்!" என்று கத்துவாள். அவருக்குக் கைதட்டல் மட்டும்தான் கேட்கும்.

மார்ச் மாதத்து மழையில் அவளை அடக்கம் செய்தார்கள். மாதா கோவிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு அரை மைல் ஏற்றம். சவப்பெட்டியை ஆறு ஆறு பேராகத் தோள் மாற்றித் தூக்குவார்கள். கல்லறை வாசலிலிருந்து குழி வரை குடும்பத்தார் முறை. நுவாலாவின் தம்பி மாசி, கறிக்கடைக்காரன், கோவில் படியில் அவரை நிறுத்தினான்.

"மச்சான், ஏத்தம் முழுக்க நாங்க பாத்துக்கிறோம். நீங்க கல்லறை வாசல்ல தோள் குடுங்க."

"டேய், குழி வரைக்கும் அவளை நானே தூக்கிட்டுப் போவேன். அவளுக்கு நான் செய்யிறதுக்கு வேற என்ன இருக்கு?"

"உங்க முட்டிக்கிட்ட கேட்டீங்களா?"

"நான் ஓட்டக்காரன்டா."

"அதான் பயமா இருக்கு."

ஃபெர்கல் முன் வரிசையில் தோள் கொடுத்தார். நன்றாகத்தான் நடந்தார். ஓட்டக் கழகத்தார் பச்சைச் சட்டையில் சாலையின் இருபுறமும் மரியாதைக்கு நிற்பதைப் பார்க்கும் வரை. அந்தச் சட்டையைக் கண்டதும் கால்கள் அவரைக் கேட்காமலே வேகமெடுத்தன.

"ஃபெர்கல்! பஸ்ஸா பிடிக்கப் போறோம்? பெட்டி ஆடுதுப்பா!" என்று பின்னாலிருந்து தபால்காரர் மூச்சிரைத்தார்.

கடைசி வளைவில் முட்டி மடங்கியது. மாசி ஓடிவந்து பெட்டிக்கடியில் தோளைக் கொடுத்தான். ஃபெர்கல் ஓரமாக ஒதுங்க, பெட்டி அவரைத் தாண்டிப் போயிற்று. பாதிரியார் தாண்டினார். குடை பிடித்த சித்திமார் தாண்டினார்கள். மனைவியின் இறுதி ஊர்வலத்தில் முதல் ஆளாகத் தொடங்கிக் கடைசி ஆளான கணவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். கழகத்துக் கிழவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் துக்கத்துல நாங்களும் இருக்கோம், ஃபெர்கல்." பிறகு, அடக்க முடியாமல், "ஆனா ஆரம்பம் பிரமாதம்ப்பா."

முந்துவதற்கு யாருமில்லை. அவர் மெதுவாக, மூச்சை அடக்கி, நொண்டி நடந்தார். வளைவில் யாரும் நிற்கவில்லை. ஆனாலும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

வாசலில் தோள் மாற்றுவதற்காகப் பெட்டியை இரண்டு நாற்காலிகள்மேல் இறக்கியிருந்தார்கள். மாசி முகம் சிவந்து, அவர் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடியுமா மச்சான்?"

"முடியும்."

இடத்தோளுக்கு மாறி, சரளைக்கல் பாதையில் மற்ற ஐவரின் அடிக்கு அடி வைத்துக் குழி வரை நடந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைசி நூறு மீட்டருக்கு அவரிடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பார்த்துச் சிரிக்க வேண்டியவள் தோள்மேல் பேசாமல் வந்தாள்.