பட்டைக் கேபிள்

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டைத் தம்பி கழற்றியதும் அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். உள்ளே, ஹார்ட் டிஸ்கின் பின்னால் இருந்த பட்டையான சாம்பல்நிறக் கேபிளைப் பிடுங்கியவள் அவள்தான். பிடுங்கியது தெரியாதபடி அதே இடத்தில் சாய்த்தும் வைத்திருந்தாள். வாய்விட்டுச் சொன்னால் நொடியில் முடிகிற வேலை. ஆனால் கணவர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தம்பிக்குப் பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. வந்ததும் வராததுமாக, "இந்தக் கிழவனுக்கு ஓய்வு குடுக்கவே மாட்டீங்களா மாமா? எனக்கு முன்னாடி இவன் ரிட்டயர் ஆகியிருக்கணும்" என்று சிரித்துப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. கறுப்புத் திரையில் டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒற்றை வெள்ளை வரி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டவர். அவர் போட்ட ஒரு குடியிருப்பில், துணி காயப்போட வந்த பெண்ணோடு ஒரு பால்கனி இடிந்து விழுந்தது. கம்பியைக் குறைத்தவன் கான்ட்ராக்டர், வரைபடத்தில் பிழையில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். ஊரே ஏற்றுக்கொண்டது. அவர் மட்டும் ஏற்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அந்த வரைபடத்தைத் திறப்பார். பால்கனி சுவரோடு சேரும் மூலையைப் பெரிதாக்குவார். கம்பிக் கணக்கை முதலிலிருந்து போடுவார். விடை சரியாகவே வரும். மறுநாள் மறுபடி போடுவார். அந்தப் பழைய மென்பொருள் இந்தப் பெட்டியைத் தவிர வேறெதிலும் ஓடாது. வருடக்கணக்காக அவள் குடித்தனம் நடத்தியது அவருடைய முதுகோடுதான்.

அதனால்தான் ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் கேபிளைப் பிடுங்கினாள்.

முதலில் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. அவர் சமையலறைப் பக்கம் வந்து நின்றார். துணி மடித்தார். மகள் போன் செய்தபோது இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினார். பிறகு ஒரு மத்தியானம், நான்காம் மாடியிலிருந்த தங்கள் வீட்டுப் பால்கனியில் தொம் தொம் என்று சத்தம் கேட்டு ஓடினாள். அவர் விளிம்பை ஒட்டி நின்று காலால் ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார். தளத்தைச் சோதித்துப் பார்க்கிறாராம். தாங்குதா பாக்கறேன் என்றார், பால் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறவர் மாதிரி. அதன்பின் தினமும் மிதித்தார். கைப்பிடிக் கம்பியில் உடம்பின் முழுப் பாரத்தையும் சாய்த்துப் பார்த்தார். இத்தனை காலம் அந்தப் பெட்டிதான் அவரை நாற்காலியில் கட்டிப்போட்டிருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கேபிளை மறுபடி செருகப் போனால், பெட்டி இருந்த அறையையும் அதை ஒட்டிய பால்கனியையும் விட்டு அவர் இப்போது குளிக்கக்கூட நகர்ந்தால்தானே. தம்பிக்குப் போன் செய்தாள். அவனே கண்டுபிடிப்பான், செருகுவான், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டாள்.

தம்பி ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டான். போர்டில் இருந்த வட்டப் பேட்டரி தீர்ந்திருந்தது. புதிதாக மாற்றிவிட்டு, பேட்டரி போனால் இந்த ஜென்மங்களுக்கு டிஸ்க் இருப்பதே மறந்துபோகும் என்றான். மறுபடி ஓடவிட்டான். அதே வெள்ளை வரி. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே குனிந்தான்.

குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. பெட்டி முழுக்கப் பஞ்சு மாதிரி தூசி. டிஸ்கின் பின்பக்கம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் துடைத்தது போல இருந்தது. அவன் அக்காவை ஏறிட்டுப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் படும் பாட்டையெல்லாம் கண்ணால் பார்த்தவன் அவன். இந்தப் பெட்டி ஓடக் கூடாது என்பதுதான் அக்காவின் ஆசை என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

"டிஸ்க் செத்துடுச்சு மாமா. உள்ள இருந்தது எதுவும் திரும்ப வராது. தலைமுழுகிடுங்க."

அவள் வேண்டாமென்று மெல்லத் தலையை அசைத்தாள், கையை அசைத்தாள். அவன் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு ஸ்க்ரூக்களைப் பொறுக்கத் தொடங்கினான்.

கணவர் எழுந்தார். நாற்காலியை ஒழுங்காக மேசைக்கு அடியில் தள்ளினார். பால்கனியை நோக்கி நடந்தார்.

"தம்பி பொய் சொல்றான்" என்றாள் அவள். "டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல. கேபிளை நான்தான் புடுங்கி வச்சேன்."

அவர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். தம்பியின் கையிலிருந்து ஒரு ஸ்க்ரூ விழுந்து உருண்டு எங்கோ போய் நின்றது. யாரும் அதைத் தேடவில்லை.

"எதுக்கு?" என்றார், திரும்பாமல்.

"நீங்க என்கூட இருக்கணும்னு."

"இப்ப எதுக்குச் சொல்ற?"

"இருந்தா போதும்னு."

அவர் திரும்பி வந்தார். அவளைக் கடந்துதான் வந்தார். தம்பி முகம் தொங்கிப்போய்க் கேபிளை அழுத்திச் செருகினான். ஒரு பீப் சத்தம். டிஸ்க் கரகரவென்று சுற்றியது. திரை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா என்று தம்பி அவள் காதருகே முணுமுணுத்தான்.

தகட்டை அவர் தம்பியிடமிருந்து வாங்கித் தானே மாட்டினார். ஸ்க்ரூக்களைத் தானே முறுக்கினார். பிறகு குனிந்து, மூச்சு வாங்க, கேபினெட்டை அரைவட்டம் திருப்பி, தகடு இருந்த பக்கம் சுவரோடு ஒட்டும்படி தள்ளினார். இடைவெளி இருக்கிறதா என்று விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, வரைபடத்தைத் திறந்தார்.