பதினொன்று புள்ளி எட்டு

கடலடியில் எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைப்பது அவன் வேலை. அன்றைய வேலை முடிந்தாலும் வெளிக்காற்றுக்கு வந்துவிட முடியாது. கப்பலிலிருந்த இரும்பு அறைக்குள், ஆழத்தின் அழுத்தத்திலேயே இருபத்தெட்டு நாள் அடைபட்டுக் கிடக்கவேண்டும். ஹீலியம் கலந்த அந்த அறைக் காற்றில் குரலே மாறிவிடும்.

"வாத்து மாதிரி கத்தாதேடா!" என்று அக்கா ஃபோனில் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒருநாள் சிரிப்போடு சிரிப்பாகச் சொன்னாள். "வயித்துல கட்டியாம். ஆபரேஷன் பண்ணணுமாம். நம்ம குரூப் ரத்தம் லேசுல கிடைக்காதாமே?"

"நான் எதுக்கு இருக்கேன்? வேற யாரையும் தேடாதேக்கா."

அவள் தேடவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டாள். தனக்கு உதிரம் போய்க்கொண்டே இருப்பதைப் பற்றி அவனிடம் மூச்சுவிடவில்லை.

கரையேறியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவன் விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ் மறுபடியும் குத்தினாள்.

"ஹீமோகுளோபின் பதினொண்ணு புள்ளி எட்டுதான். ரத்தம் குடுக்க பன்னெண்டரையாவது வேணும் சார்."

"போன மாசம் பதினாலு இருந்ததும்மா!"

டாக்டர் வந்து அவன் வேலையை விசாரித்தார். "கீழே ஆக்ஸிஜன் அதிகம். இவ்வளவு சிவப்பணு எதுக்குன்னு உடம்பே குறைச்சுக்கும். திரும்ப ஏற அஞ்சாறு வாரமாகும்."

ஒவ்வொரு முறையும் கம்பெனி டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னது இதற்குத்தானா? அவன் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

"நான் விழுந்தா விழுறேன், எடுங்க டாக்டர்."

எடுக்கவில்லை.

அக்கா வீட்டுக்காரர் அவன் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார். "பாறையாட்டம் இருக்கியே மாப்ளே..."

வெளியூரிலிருந்து ரத்தம் வந்துசேர இரண்டு நாளாயிற்று. அதற்குள் அவள் துணியாய்த் துவண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவன் கையைத் தேடினாள்.

"குடுத்துட்டியாடா?"

"குடுத்துட்டேன்க்கா."

"அதான் முகம் வெளுத்திருக்கு. போய் ஏதாவது சாப்பிடு."

உள்ளே போனவள் கண்விழிக்கவே இல்லை.

தம்பி ரத்தம் கொடுத்துவிட்டதாக, போகும்முன் சுற்றி நின்றவர்களிடமெல்லாம் அவளே சொல்லியிருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவன் கையைப் பற்றிக்கொண்டார்கள். "உன் ரத்தத்தையே குடுத்தும் தங்கலையேப்பா!"

அவன் மறுக்க வாயெடுத்தான். எதிரே உட்கார்ந்திருந்த அக்கா வீட்டுக்காரர், வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். அவன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.