இடது கால், எண்ணிக்கை ஒன்று

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் வானத்தைப் பார்த்தபடி எதையாவது அளந்து விடுவதுதான் எழுத்தாளர்களின் வழக்கம். நான் உண்மையையே சொல்லிவிடுகிறேன். இது நகராட்சியின் விண்ணப்பப் படிவம் ஒன்றின் பதினொன்றாவது கட்டத்தில் பிறந்தது. 'நலிந்த நிலையில் உள்ள முன்னாள் படைவீரர்களுக்கான உதவி' என்பது படிவத்தின் தலைப்பு. முதல் பத்துக் கட்டங்களும் பெயர், வயது, படைப்பிரிவு என்று சாதுவாகப் போயின. பதினொன்று மட்டும் இப்படி மிரட்டியது: 'தங்கள் கஷ்டத்தைத் தங்கள் சொந்த வார்த்தைகளில் விவரிக்கவும். கூடுதல் தாள் இணைக்கக் கூடாது.'

கட்டத்தின் அளவு ஒரு சோப்புப் பெட்டி.

விண்ணப்பதாரர் என் மாமனார். அவருக்குச் சொந்த வார்த்தைகள் மொத்தமே முப்பதுதான் இருக்கும். அதில் கஷ்டம் என்ற வார்த்தை கிடையாது. ஆகவே படிவம் என் தலையில் கட்டப்பட்டது.

"நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீங்களே மாப்பிள்ளை, இதையும் எழுதிக் குடுத்துடுங்க" என்றார் மாமியார்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்த வீட்டில் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் வேலை அது. (நான் எழுதிய இரண்டு புத்தகங்களும் அங்கேதான் இருக்கின்றன. ஒன்று, ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று எங்கே என்று நான் கேட்டதில்லை.)

2

முதல் வரைவு: 'குண்டுகள் சீறிப் பாய்ந்த அந்த அதிகாலையில், காயம்பட்ட தோழனைத் தோளில் சுமந்தபடி—'

"எந்தக் குண்டு?" என்றார் மாமனார்.

"சும்மா, ஒரு ஆரம்பத்துக்கு மாமா."

"நான் சமையல்காரன் மாப்பிள்ளை. அன்னைக்குக் காலைல உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன்."

இரண்டாம் வரைவு: 'எதிரியின் வாகனம் அவர் மீது ஏறியபோதும்—'

"எதிரி வண்டி இல்லை, நம்ம வண்டி. சமையல் சாமான் ஏத்துற வண்டி. நான் பின்னாடி குனிஞ்சு அண்டா கழுவிட்டிருந்தேன், டிரைவர் பாக்காம ரிவர்ஸ் எடுத்துட்டான். நல்ல பையன். இன்னைக்கு வரைக்கும் லெட்டர் போடுறான்."

மூன்றாம் வரைவு: 'நாட்டுக்காகத் தன் இடது காலையே கொடுத்த—'

"குடுத்தேன்னு எழுதாதீங்க. நான் எங்க குடுத்தேன்? அதுவா போச்சு."

நான்காம் வரைவை எழுத அவர் அசந்த நேரமாகப் பார்த்துக் காத்திருந்தேன். மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் கட்டத்தில் 'சொல்லொணாத் துயரில் உழலும்' என்று ஆரம்பித்து நெருக்கி நெருக்கி நிரப்பி, உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

3

இங்கே ஒரு சந்தேகம் வருகிறது. இந்த மனிதர் கதாபாத்திரமாகத் தேறுவாரா? வாசகர் இரக்கப்பட வேண்டுமென்றால் ஆள் கொஞ்சமாவது ஒத்துழைக்க வேண்டாமா? மழையில் தொப்பலாக நனைந்து வந்தால் "நல்ல மழை" என்பார். சாப்பாடு தாமதமானால் "இப்ப என்ன அவசரம்" என்பார். போன மாதம் குளியலறையில் விழுந்து கிடந்தவரைத் தூக்க மாமியார் பதறி ஓடியபோது, "சோப்பு" என்று ஒரே வார்த்தையில் வழக்கை முடித்துவிட்டார். சோப்பு மாடத்தில் காய்ந்து கிடந்தது.

விழுந்ததற்குக் காரணம் கால். முழங்காலுக்குக் கீழே அவர் மாட்டியிருக்கும் செயற்கைக் காலைப் பட்டாளத்து ஆஸ்பத்திரி கொடுத்துப் பதினொரு வருஷமாகிறது. ஐந்து வருஷத்துக்கு மேல் தாங்காது என்று கொடுத்தபோதே சொன்னார்கள். மாற்றுக்கால் கேட்டுப் மத்திய அரசாங்கத்தின் வரிசையில் பெயரைப் பதிந்தாயிற்று, ஆனால் வரிசை நகரவில்லை. நகராட்சியிடம் இதற்கென்று சிறு நிதி உண்டு என்று யாரோ சொல்லித்தான் இந்தப் படிவம் வந்தது.

காலின் மேல்பகுதியில், மிச்சமிருக்கும் சொந்தக் கால் உட்காருகிற கிண்ணம் விரிந்துவிட்டது. அவர் அதைக் கறுப்பு டேப்பால் சுற்றி வைத்திருக்கிறார். மூன்று தடவை விழுந்தாயிற்று. இன்னொரு தடவை விழுந்து அந்த மிச்சக் கால் கிழிந்தால் முழங்காலையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும், அப்புறம் நடையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். அதை மாமியாரிடம்தான் சொன்னார். மாமனாரிடம் சொன்னால் "சரி டாக்டர்" என்று மட்டும் பதில் வரும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

4

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது: 'விசாரணை அலுவலர் தங்கள் இல்லத்தை நேரில் ஆய்வு செய்வார்.'

ஆய்வு என்று படித்ததும் மாமனாரின் முதுகு நிமிர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அதிகாரிகளின் ஆய்வுக்கு நின்ற உடம்பு. மூன்று நாள் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பாத்திரங்களை உயரவாரியாக நிறுத்தினார். கட்டில் விரிப்பை இழுத்துச் செருகிய இழுப்பில் அதன்மேல் உட்காரவே மாமியார் பயந்தார். பக்கத்து வீட்டிலிருந்து நல்ல நாற்காலிகள் இரண்டு இரவல் வந்தன. கடைசியாகக் காலைக் கழற்றி மடியில் வைத்து, டேப்பும் விரிசலும் தெரியாதபடி மொத்தக் காலுக்கும் ஷூ பாலிஷ் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டார் மாமியார்.

"ஆய்வு" என்றார்.

அலுவலர் ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்மணி, தங்கமான மனுஷி. உள்ளே வந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில், மடிப்புக் கலையாத சட்டையில், மாமனார் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க சார்."

"பரவாயில்லை மேடம்!"

"காலைப் பாக்கலாமா?"

பேன்ட்டை ஒரு சாண் உயர்த்தினார். கால் பளபளத்தது.

"'சொல்லொணாத் துயர்'னு எழுதியிருக்கீங்க" என்று அலுவலர் படிவத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏதாவது குறை இருக்கா சார்?"

"எதுவும் இல்லை மேடம்!"

பட்டாளத்தில் ஆய்வுக்கு வரும் அதிகாரி இதையேதான் கேட்பாராம். வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் இந்த ஒரே பதில்தானாம். அரைமணி நேரம் அப்படியே நின்றார். அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்த மாமியார் வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

[அடிக்குறிப்பு: அந்த அரைமணி நேரமும் மருமகன் எங்கே போனான் என்று நீங்கள் கேட்கலாம். அங்கேயேதான் இருந்தேன், சுவரோரமாக. காட்சி பிரமாதமாக அமைகிறதே என்று மனதுக்குள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். 'மேடம், அவர் பொய் சொல்றார்.' மொத்தம் நான்கே வார்த்தை. சொல்லவில்லை. நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் இதை அடிக்குறிப்பில் ஒளித்திருக்கிறேன்.]

5

நகராட்சியின் பதில்: 'விண்ணப்பதாரர் பிறர் உதவியின்றி நிற்கிறார். இல்லம் நல்ல நிலையில் உள்ளது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.'

எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குப் பொறாமையாக இருந்தது. வேண்டாத ஒரு சொல்கூட அதில் இல்லை.

மாமியார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "உதவி இல்லாம நிக்கிறாராமா? அவங்க போனப்புறம் காலைக் கழட்டினா உள்ள சாக்ஸ் பூரா ரத்தம். அதை யாரு எழுதுறது?"

மாமனாரைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

6

ஆகவே மேல்முறையீடு, மறுபடி அதே படிவம். ஆகவே இரண்டாவது ஆய்வு. இந்தக் கதையை எப்படி முடிக்கலாம் என்று நானும் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

முடிவு அ: அலுவலர் வருவதற்கு முன் வீட்டை அலங்கோலமாக்குவது. மாமியார் ஒத்திகை பார்த்தார். பழைய துணியையும் காலி டப்பாக்களையும் கூடம் முழுக்க இறைத்துவிட்டு முகம் கழுவிவிட்டு வந்தார். எல்லாம் உயரவாரியாக நின்றுகொண்டிருந்தன.

முடிவு ஆ: துணிந்து பொய் எழுதுவது. படுத்த படுக்கை, பார்வை மங்கல், கேட்பாரற்ற முதுமை என்று சோப்புப் பெட்டிக்குள் ஒரு சோக நாடகமே நடத்தினேன். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"யாரு இது?"

"நீங்கதான் மாமா."

"பாவம் மனுஷன்" என்றார். "இவருக்கு ஏதாவது பண்ணணும்."

முடிவு இ: உதவி வந்து சேரும் நாளில் அவர்— [இதை எழுதவில்லை. என் மனைவி எனக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.]

இனி நடந்தது. மாமியார் அடியில் ஓட்டை விழுந்த ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். திட்டம் போட்டுக் கேட்டாரா, பேச்சுவாக்கில் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஏங்க, பட்டாளத்துல அண்டா ஓட்டையானா என்ன பண்ணுவீங்க?"

முப்பது வார்த்தைக்காரர் மடை திறந்துவிட்டார்.

"போர்டு வரும். மூணு ஆபீசர். வெள்ளைத் துணி விரிச்சு அதுமேல அண்டாவை வெக்கணும். கரியெல்லாம் சுரண்டிக் கழுவியிருக்கணும். ஓட்டை மேல பாத்து இருக்கணும், அதுதான் முக்கியம். ஒரு அட்டை கட்டித் தொங்கவிடணும். எத்தனை வருஷம் உழைச்சுது, என்ன பழுது, எத்தனை தடவை ஒட்டுப் போட்டோம், எல்லாம் அதுல எழுதணும். அவங்க பாத்துட்டு இனி உதவாதுன்னு கையெழுத்துப் போட்டாத்தான் புது அண்டா."

"ஓட்டையை மறைச்சு வெச்சா?"

"பழைய அண்டாவே திரும்பி வரும். ஐந்நூறு பேரோட சூப்பு அடுப்புல ஒழுகும். எந்த முட்டாள் மறைப்பான்?"

மாமியார் குழாயை மூடினார். மாமனாரின் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாலிஷ் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவரும் குனிந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அது அண்டா" என்றார் மெதுவாக. "இது கால்."

"ரெண்டும் பட்டாளம் குடுத்ததுதானே" என்றார் மாமியார்.

மாமனார் விரிசல் இருந்த இடத்தை டேப்பின் மேலாகவே விரலால் அளந்து பார்த்தார். பிறகு அவர் கையை நீட்டி, "மாப்பிள்ளை, பேனா எடுங்க" என்றார். கட்டம் பதினொன்றில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இது:

'இடது கால், முழங்காலுக்குக் கீழ். எண்ணிக்கை ஒன்று. உழைத்தது பதினொரு வருடம். கிண்ணத்தில் விரிசல், நான்கு விரல் நீளம். டேப் சுற்றியது ஏழு முறை. ஆள் விழுந்தது மூன்று முறை. சோப்பினால் அல்ல. இனி உதவாது. மாற்று தேவை.'

கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது. ஒரே ஒரு அடைமொழி சேர்க்கலாமே என்று பேனாவைக் கொண்டுபோனேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

7

இப்போது இரண்டாவது ஆய்வு நடக்கும் அறைக்கு வந்துவிட்டோம். வீடு போன தடவை போலவே பளிச்சென்று இருக்கிறது. அதில் அவரோடு மல்லுக்கட்டிப் பிரயோசனமில்லை. ஆனால் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கால் கிடக்கிறது. பாலிஷைச் சுரண்டி எடுத்தாயிற்று, டேப்பைப் பிரித்தாயிற்று. விரிசல் மேலே பார்த்து இருக்கிறது. கணுக்காலில் ஓர் அட்டை தொங்குகிறது. மேசை ஆடவில்லை, அந்த மட்டில் என் புத்தகத்துக்கு நன்றி. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மடித்துக் குத்திய பேன்ட்டோடு. அதிகாரி ஒருவரின் முன்னால் உட்கார்ந்திருப்பது அவருக்கு இதுவே முதல் தடவை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொடையில் வைக்கிறார், எடுக்கிறார்.

அதே அலுவலர். அதே ஜலதோஷம். காலைச் சுற்றி வந்து பார்க்கிறார், அட்டையைப் படிக்கிறார். பிறகு படிவத்தில் உள்ளபடி கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்கிறார்.

"ஏதாவது குறை இருக்கா சார்?"

"எதுவு—"

பழக்கதோஷம். மாமியாரின் கையில் டீத்தட்டு நின்றுவிட்டது. இந்தத் தடவை நான் சுவரோரமாக இல்லை, நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். நான்கு வார்த்தையும் தொண்டை வரை வந்துவிட்டன. மாமனார் வாயை மூடிக்கொண்டு மேசையைப் பார்க்கிறார், அந்த விரிசலைப் பார்க்கிறார்.

"இருக்கு மேடம்" என்கிறார். குரல் சரியாக எழும்பவில்லை. "ஒண்ணு இருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேலி செய்துகொண்டே கதையை முடித்துவிடலாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன், முடியவில்லை.

படிவத்தின் கடைசியில் இரண்டு சிறு கட்டங்கள் இருக்கின்றன. 'பரிந்துரைக்கப்படுகிறது', 'பரிந்துரைக்கப்படவில்லை'. இரண்டில் ஒன்றில் குறி போட வேண்டும். நான் போட்டால் மாமனாருக்கு மருமகன் எழுதிக்கொடுத்த கதை என்று நீங்களே சொல்வீர்கள். அதனால் அலுவலரின் பேனாவை வாங்கி உங்களிடம் தருகிறேன்.

யோசித்துப் போடுங்கள், ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள், அவர் உட்கார்ந்திருக்கிறார். அதை அவரால் தாங்க முடியாது. பாருங்கள், நாற்காலியின் கையை இறுகப் பிடித்துவிட்டார். உங்களுக்காக எழுந்து நிற்கப் பார்க்கிறார். கால் மேசைமேல் இருக்கிறது.