கும்மட்டக் கணியம்

2023 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு, கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு எல்லையிலுள்ள கல்லடித்துறையைச் சேர்ந்த நாட்டுப்படகு ஒன்று, அணுமின் நிலையத்தை ஒட்டிய தடைசெய்யப்பட்ட கடற்பகுதிக்குள் நின்றது. படகில் இருவர் இருந்தார்கள்: ஏசுஅடிமை, வயது ஐம்பத்தெட்டு, அவருடைய மகன் அனிஷ், வயது இருபத்தாறு. ரோந்துப் படகு அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தது.

கல்லடித்துறைக் கரையில் மணல் கிடையாது. தேங்காய் அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை உருண்டைக் கற்கள்தான். படகு ஏற்றுவதற்குப் பழைய டயர்களைக் கற்களின் மேல் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பேருந்து நாளைக்கு மூன்று முறை வரும். கிழக்கே பார்த்தால் உலைகளின் கும்மட்டங்கள் தெரியும். மாதம் ஒருமுறை ஆய்வகத்து ஜீப் வந்து, சோதித்துப் பார்க்க மீனும் பாசியும் வாங்கிப் போகும். முடிவு என்ன என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் இப்போது விலையை மட்டும் கேட்கிறார்கள்.

அனிஷுக்குக் கத்தாரில் ஏசி மெக்கானிக் வேலை உறுதியாகியிருந்தது. பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை அடுத்த வாரம் வரவேண்டும். வழக்கு ஒன்று பதிவானால் அது அப்படியே நின்றுவிடும். ஏசுஅடிமைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012இல் உலை எதிர்ப்பு வழக்கு ஒன்றில் அவர் பெயர் சேர்ந்தது. ஆறு வருடம் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. பெயர் நீங்கியபோது வெளிநாட்டில் ஆள் எடுக்கும் வயதைத் தாண்டியிருந்தார்.

கடலோரக் காவல் நிலையத்துக்கு அவர் மனைவி லீமா இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தாள். ஒருவர் ஊர்க் கமிட்டிச் செயலாளர் டிஜோ, அவருக்கும் சொந்தப் படகு உண்டு. மற்றவர் இஞ்ஞாசி, ஏசுஅடிமையின் வயதுக்காரர், பக்கத்துப் படகுக்காரர். சப்-இன்ஸ்பெக்டர் தாணு, பக்கத்திலுள்ள கொட்டாரம் ஊர்க்காரர், நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னார். தெரியாமல் உள்ளே போயிருந்தால் அதற்கான காரணத்தை வாக்குமூலமாக எழுதி, ஊரார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், எச்சரித்து அனுப்பிவிடலாம். தெரிந்தே போயிருந்தால் வழக்கு. மாலைக்குள் அவர் மேலே அறிக்கை அனுப்ப வேண்டும்.

"வழி தவறிட்டு சார்," என்றார் ஏசுஅடிமை.

"படகுல ஜி.பி.எஸ். இருக்கு. போட்டுப் பாத்தேன், நல்லா வேலை செய்யுது. பெறகு எப்பிடி ஓய் வழி தவறும்?"

ஏசுஅடிமை டிஜோவையும் இஞ்ஞாசியையும் ஒருமுறை பார்த்தார்.

அவர் தேடிப் போனது கடலுக்கடியில் இருக்கும் ஒரு பாறைத்திட்டு. கரையில் அதைப் பார் என்பார்கள். நல்ல பார் ஒன்றைக் கண்டுபிடிப்பவர், கரையில் தெரியும் இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் வைத்து அதன் இடத்தை மனதில் குறித்துக்கொள்வார். கணியம் என்று அதற்குப் பெயர். கணியத்தை அடுத்தவரிடம் சொல்வதில்லை. மகனுக்குக்கூட, படகை அவன் கையில் கொடுக்கும் நாளில்தான் சொல்வது. ஜி.பி.எஸ்.ஸை யாராவது இரவல் கேட்பார்கள், கொடுக்காமல் இருக்க முடியாது. அதனால் ஏசுஅடிமை தன் பாரை அதில் பதியவில்லை. பதினைந்து வருடமாக அது அவர் ஒருவருக்கே தெரிந்த இடம்.

உள்ளே கிடைக்கும் மீனுக்காகவே போனார்கள் என்று ரோந்துக் குறிப்பில் இருப்பதாகத் தாணு வாசித்தார். அனிஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காரணம் அவனுக்கும் தெரியாது.

"நான் வேணும்னா வெளிய நிக்கேன்," என்றார் இஞ்ஞாசி.

"கேக்காம சாட்சிக் கையெழுத்து எப்பிடி ஓய் போடுவீரு?" என்றார் தாணு.

வேறு சாட்சிக்கு வழியில்லை. பங்குத்தந்தை ஊரில் இல்லை. மற்றபடி கல்லடித்துறையில் கடலுக்குப் போகாத ஆண்கள் வெளிநாட்டில் இருந்தார்கள்.

லீமா கணவனின் பக்கத்தில் வந்தாள். "கேட்டியளா. ஓங்களுக்குப் பொறவு அது ஆருக்கு? இவன் கடலுக்குப் போவப் போறதில்ல. சொல்லிப்போடுங்க."

ஏசுஅடிமை ஒரு தாள் கேட்டு வாங்கினார். மேசையில் வைத்துக் கோடு போட்டார். ஊர்க் கோயில் கோபுரம் மருந்துவாழ் மலையின் இடது சரிவில் பொருந்த வேண்டும். அது ஒரு கோடு. கிழக்கே உலையின் இரண்டு கும்மட்டங்களும் ஒன்றன் பின் ஒன்று மறைந்து ஒன்றாகத் தெரிய வேண்டும், அது இன்னொன்று. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார். முழங்கால் சிகிச்சைக்காக நாலு மாதம் அவர் கடலுக்குப் போகவில்லை, கரைப்பக்கமும் இறங்கவில்லை. அதற்குள் மூன்றாவது கும்மட்டம் உயர்ந்துவிட்டது. அன்று காலை பனிமூட்டம், மலை தெரியவில்லை. முதல் கும்மட்டமும் தெரியவில்லை. தெரிந்த இரண்டைப் பழைய இரண்டு என்று எடுத்துக்கொண்டு, அவை ஒன்றாகும் வரை ஓட்டினார்; அந்த இடம் தடைப் பகுதிக்குள் இருந்தது.

இஞ்ஞாசி தாளை எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏலே அடிம, ஒலைய மூடணும்னு கொடி புடிச்ச நீ, அத வச்சா மீன் புடிச்ச?"

நிலைய எழுத்தர் சிரித்துவிட்டார்.

"மூடியிருந்தாலும் கும்மட்டம் அங்கதானல நிக்கும்," என்றார் ஏசுஅடிமை.

எழுத்தர் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி உரக்க வாசித்தார். படத்தையும் இணைத்தார். ஏசுஅடிமை கையெழுத்துப் போட்டார். டிஜோ வாசிக்காமலேயே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இஞ்ஞாசி கண்ணாடியை எடுத்து மாட்டி, இரண்டாம் பக்கத்தை ஒருமுறை தானே வாசித்துவிட்டுப் போட்டார்.

திரும்பும் வழியில் அனிஷ் அப்பாவிடம், பாரின் ஆழம் எத்தனை பாகம் என்று மட்டும் கேட்டான். பதினெட்டு என்றார், நூறு அடிக்குச் சற்று மேல்.

வழக்கு பதிவாகவில்லை. பாஸ்போர்ட் விசாரணை 21ஆம் தேதி முடிந்தது. மார்ச் 6, திங்கட்கிழமை ஏசுஅடிமை பாருக்குப் போனபோது அங்கே ஒன்பது படகுகள் நின்றன. ஏப்ரல் 3 அன்று அனிஷ் திருவனந்தபுரத்திலிருந்து தோஹா போனான். ஜூன் முதல் ஏசுஅடிமை தன் படகைக் கரையிலேயே விட்டுவிட்டு, டிஜோவின் படகில் மீன் பங்குக்கு ஆளாகப் போகிறார்.