கழுவிய நாளில் எரியும் விளக்கு

செய்துங்கநல்லூர் தாண்டியதும் காரின் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது. சிவசண்முகம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. மூன்று ஞாயிறும் உடன்குடிக்குத்தான் கிளம்பினார், மூன்று ஞாயிறும் இந்த விளக்குதான் மறித்தது. மற்ற நாளில் ஜங்ஷன், டவுன், நெல்லையப்பர் கோயில் என்று எங்கே போனாலும் சனியன் எரியாது. மகளைப் பார்க்கப் புறப்பட்டால் மட்டும் எரியும். சகுனம் பார்க்கிற மனுஷனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

உடன்குடியில் இருந்தது ஒரே மகள் சுகிர்தா. கூடப் படித்த பையனை, கருப்பட்டிக் கடை ஜேசுதாசன் மகனை, நாலு வருஷத்துக்கு முன்னால் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். மனைவி அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டாள். மகளும் போன நாளிலிருந்து பேச்சுவார்த்தை அற்று, பெருமாள்புரம் வீட்டில் அவரும் சுவர்க் கடிகாரமும்தான். ஒரு ஆளுக்கு உலை வைத்து, ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து, வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டே தூங்கிப்போகிற வாழ்க்கை. யாரிடமும் சொல்லமாட்டார், வீம்பு. ஆனால் பாழாய்ப்போன தனிமை அந்த மனுஷனை உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது.

போன மாதம் சுகிர்தாவிடமிருந்து கடிதம் வந்தது. “அப்பா, அவர் மஸ்கட்டில் வீடு பார்த்துவிட்டார். நானும் போகிறேன். அடுத்த மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் ரயில், மறுநாள் திங்கட்கிழமை மெட்ராஸிலிருந்து விமானம். அதற்கு முன்னால் நாலு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ஒரு ஞாயிறாவது வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள்.” அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அதை அவர் எத்தனை தடவை படித்தார் என்பதற்குக் கணக்கே கிடையாது. முதல் ஞாயிறே வருகிறேன் என்று அன்றைக்கே கார்டு போட்டார்.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதெப்படி? முதன்முதலாகச் சம்பந்தி வீட்டு வாசலில், கசங்கின வேட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்பாரா சிவசண்முகம்? புது வண்டியில், அதுவும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று போய் இறங்கவேண்டும். அதற்காகவே ஞாயிறு விடியுமுன்னே வண்டியைக் குறுக்குத்துறை ஆற்றங்கரையில் இறக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் கிளம்பினார். இன்னொன்றும் உண்டு. அதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை. மகள் முகத்தைப் பார்த்து முதலில் என்ன பேசுவது என்ற பயம்.

விளக்கு எரிந்தால் வண்டியைத் திருப்பிவிடுவார். வழியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் இறங்கி ஜேசுதாசன் கடைக்குப் போன் போடுவார். “வண்டில ஒரு லைட்டு எரியுது. அடுத்த வாரம் வாறேன்னு சொல்லிருங்க.” சொல்லி முடித்ததும் அவருக்கே நாக்கு கூசும். வண்டியில் விளக்கு எரிகிறதென்று பெற்ற மகளைப் பார்க்க வராமல் இருந்தால் எவள் நம்புவாள்?

முதல் இரண்டு வாரமும் திங்கட்கிழமை மேலப்பாளையத்துக்கு மெக்கானிக் மதாரிடம் கொண்டுபோனார். அதற்குள் விளக்கு அணைந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது வண்டி. இந்தத் தடவை விட்டுவிடக்கூடாதென்று, “இன்னைக்கு வரலை” என்று மட்டும் போனைப் போட்டுவிட்டு, விளக்கு எரிய எரிய நேரே மதார் பட்டறைக்கே ஓட்டிவந்தார்.

மதார் பானெட்டைத் திறந்து ரொம்ப நேரம் குடைந்தான். பிறகு நிமிர்ந்தான்.

“அண்ணாச்சி, காலைல வண்டியை என்ன செஞ்சீய?”

“என்ன செஞ்சேன்? ஆத்துல இறக்கிக் கழுவுனேன்.”

“பானெட்டைத் தொறந்தா?”

“பின்ன? இஞ்சின்ல அழுக்கை வச்சுக்கிட்டு மேல மினுக்குனா அது கழுவுறதாவே? முப்பது வருசம் அம்பாசிடரை அப்படித்தான் கழுவுனேன்.”

மதார் தலையில் அடித்துக்கொண்டான். “இது அம்பாசிடர் இல்ல அண்ணாச்சி. இதுல எல்லாம் வயரு. இந்தா பாருங்க.” ஒரு சின்ன பிளக்கைக் கழற்றிக் காட்டினான். உள்ளே தண்ணீரும் துளி ஆற்று மணலும். “இங்கன ஈரம் போனா லைட்டு எரியும், காஞ்சா அணைஞ்சிரும். கழுவுன அன்னைக்கு மட்டும் எரிஞ்சிருக்கு, பாத்துக்கிடுங்க.”

“அப்ப வண்டிக்கு ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல. எரிய எரியவே பைய உடன்குடிக்குப் போயிட்டு வந்திருக்கலாம்.”

சிவசண்முகத்துக்குச் சுருக்கென்றது. மணி அப்போது பன்னிரண்டரை.

“இப்பக் கெளம்புனாலும் ரெண்டு மணிக்குப் போயிரலாம் அண்ணாச்சி” என்றான் மதார்.

“வரலேன்னு சொல்லியாச்சேவே. சொல்லிட்டு இப்பப் போயி நின்னா நல்லாவா இருக்கும்? இன்னும் ஒரு ஞாயிறு கெடக்குல்லா.”

போயிருக்கவேண்டும். பாவி மனுஷன், அன்றைக்கே போயிருக்கவேண்டும்.

அந்த வாரம் முழுக்க வண்டியின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. வருகிறேன் என்று போனும் போடவில்லை. மூன்று தடவை சொல்லி மூன்று தடவை பொய்யாகிவிட்டது, இனி சொல்லாமலே போய் நிற்போம் என்று நினைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து வேட்டியை இஸ்திரி போட்டார். மறுநாள் புழுதி படிந்த வண்டியில், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி எல்லாம் தாண்டி, பத்து மணிக்கெல்லாம் உடன்குடியில் ஜேசுதாசன் வீட்டு வாசலில் நிறுத்தினார். விளக்கு எரியவே இல்லை.

ஜேசுதாசன் வெளியே வந்தார். ஆளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“வாங்க அண்ணாச்சி” என்றார் மெதுவாக. “நேத்தே போயிட்டாளே.”

“எங்க போயிட்டா? இன்னைக்குத்தானே ரயிலு?”

“டிக்கெட்டு இன்னைக்குத்தான் போட்டிருந்துச்சு. மூணு ஞாயிறு பாத்துட்டேன், இன்னொரு ஞாயிறு நின்னு பாக்க என்னால முடியாது மாமான்னு சொல்லிட்டு, நேத்து சாயந்தரமே நெல்லை ஜங்ஷன்ல ரயில் ஏறிட்டா. மெட்ராஸ்ல கூடப் படிச்ச கூட்டுக்காரி வீட்டுல இருந்துட்டு நாளைக்கு விமானம் ஏறுதா.”

நேற்று சாயங்காலம் ஜங்ஷனில். இவர் வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்தால் கால்மணி நேரம். இவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“வாறேன்னு ஒரு போனு போட்டிருந்தீயன்னா இருந்திருப்பா அண்ணாச்சி” என்றார் ஜேசுதாசன். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

உள்ளே அடுக்களையில் மீன் பொரிகிற வாசம் வந்தது. ஜேசுதாசனின் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

“இன்னைக்கு வரமாட்டீயன்னு நெனச்சு மீனு வாங்கிட்டோம் அண்ணாச்சி. மூணு ஞாயிறும் வாங்கவே இல்ல. அப்பா சைவம், வாடை இருக்கப்படாதுன்னு சொல்லிட்டா. புதுசா ரெண்டு சட்டி வாங்கி, அவளே தேங்காப்பால் சொதி வச்சு, இஞ்சிப் பச்சடி அரைச்சு வச்சிருப்பா. நீங்க வரலேன்னு போன் வந்த பொறவும் நம்ப மாட்டா. மனசு மாறி வந்தாலும் வருவாவன்னு வெளிய போயி நின்னுக்கிடுவா. மூணு மணி வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படாது.”

சிவசண்முகம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“எங்கன நின்னா?”

“அந்தா, கேட்டுக்கு வெளிய. அங்கன நின்னாத்தான் ரோட்டு வளைவு தெரியும்.”

அவர் போய் அங்கே நின்றார். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. ரோட்டு வளைவில் ஒரு பஸ் வந்தது, ரெண்டு சைக்கிள் வந்தது, வேறு யாரும் வரவில்லை. சாப்பிட வாங்க அண்ணாச்சி, மோர்ச்சோறாவது சாப்பிடுங்க என்று உள்ளேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். மூன்று மணிவரைக்கும் நின்றே தீருவதென்று நின்றவருக்குப் பன்னிரண்டு மணிக்கே கால் துவண்டுவிட்டது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கேட்க அங்கே இல்லாத மகளிடம், “வந்துட்டேம்மா” என்றார்.