தடிப் புத்தகத்துல இருந்தா தொடங்குவாங்க?

எங்க அக்கான்னா கூடப் பிறந்த அக்கா இல்ல. என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி, என் ஓரகத்தி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் இஸ்திரிக் கடை நடத்துறோம். கல்யாணமான புதுசுல 'நீங்க'ன்னு கூப்பிட்டேன். சண்டை போட்டுப் போட்டு 'நீ' ஆயிடுச்சு. ஓரகத்தியை மெச்சிப் பேசுற பொம்பளையை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. இப்போ பார்த்துக்கோங்க.

போன வருஷம் அக்காவுக்குக் கண்ணுல கோளாறு. எதைப் பார்த்தாலும் நடுவுல மங்குதுன்னா. டாக்டர் சோதிச்சுப் பார்த்துட்டு, "நடுப்பார்வைதான் போகும். ஓரத்துல தெரியும், நடமாடலாம். படிக்கிறது மட்டும் இன்னும் சில மாசம்தான்"னு சொல்லிட்டார். அக்கா அழல. பஸ் ஸ்டாப்புல வந்து உட்கார்ந்தப்புறம், "ஏன்டி, பெரிய பெரிய புத்தகமெல்லாம் பிள்ளைங்க வளரட்டும்னு தள்ளித் தள்ளி வெச்சேனே. இப்போ எதைப் படிக்க, எதை விட?"ன்னா. அவளுக்கு அதுதான் கவலை!

யோசனை சொல்றதுக்குக் காசா பணமா? ஆளாளுக்குச் சொன்னாங்க. கடைக்கு எதிர்ல இருக்குற நூலகத்து அம்மா, "மெலிசா ஒரு நாவல்ல ஆரம்பிங்க, பழகிடும்"னாங்க. அக்கா மகன், பழைய காதல் கதை ஒண்ணைச் சொல்லி, அதைப் படிக்காத ஜென்மமே வீணுன்னான். நான் சும்மா இருப்பேனா? "எது ருசியோ அதை முதல்ல முடிச்சுடு. நாளைக்கு யாரு கண்டா?"ன்னேன். சொன்னப்புறம்தான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

எல்லாருக்கும் தலையை ஆட்டிட்டு, அக்கா நூலகத்துல இருந்து தூக்கிட்டு வந்தது என்னன்னு நினைக்கிறீங்க? அம்மிக்கல்லு மாதிரி ஒரு தடிப் புத்தகம். அந்தக் காலத்துப் போர்க் கதை. மேலே பாட்டு, கீழே பொடி எழுத்துல உரை.

எனக்கு வந்துச்சே கோபம். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சுப்போச்சா? இருக்குற கொஞ்ச வெளிச்சத்தையும் இதுலயா கொட்டுவ?"

அக்கா ஒரு பட்டுச் சேலையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தா. பெட்டியோட சுவிட்சை அணைச்சு வெச்சிருந்தா. "நாம எதை முதல்ல தேய்ப்போம்? சூடு நல்லா இருக்கும்போது முரட்டுத் துணி. அணைச்சப்புறம் மிச்சச் சூட்டுல பட்டு. அதுக்கு அது போதும். இதுல பாட்டைப் பார்க்கணும், உரையைப் பார்க்கணும், மறுபடி பாட்டுக்கு வரணும். கண்ணு மேலயும் கீழயும் தாவும்டி, காது தாவாது. நாவலை எல்லாம் காதாலேயே கேட்டுக்கலாம்."

"யாரு படிச்சுக் காட்டுவா?"

"நீதான்."

நல்லாயிருக்கே கதை! நான் பள்ளிக்கூடத்தோட புத்தகத்துக்குக் கும்பிடு போட்டவ. ஆனா ஒண்ணு சொல்லணும். இத்தனை பேர் எதைப் படிக்கணும்னு சொன்னோம். இருக்குற பார்வை எதுக்கு வேணும்னு யோசிச்சவ இவ ஒருத்திதான்.

மத்தியானம் கடையில கூட்டம் இல்லாத நேரமெல்லாம் படிச்சா. பூதக்கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு பாட்டுக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குவா. பிடிபட்டதும் "அடேங்கப்பா, என்னமா சொல்லியிருக்கான்!"னு துணி மேல தட்டுவா. வாடிக்கையாளர் பயந்துபோய்ப் பார்ப்பாங்க. ரெண்டு பேர் வேலையையும் நான் ஒருத்தியே பார்த்து முதுகு ஒடிஞ்சுச்சு. திட்டினேன்தான். ஆனா அவ தட்டுற சத்தத்துக்குக் காத்துக்கிட்டும் இருந்தேன்.

முக்கால்வாசி தாண்டினப்போ ஒரு நாள் கண்ணாடியைக் கீழே வெச்சுட்டா. "இன்னைக்கு எழுத்தே நிக்கல." மறுநாளும் நிக்கல. அதுக்கு அடுத்த நாள் புத்தகத்தை என்கிட்ட நீட்டி, "கொடுத்துட்டு, அந்த மெலிசு நாவலை வாங்கிட்டு வா"ன்னா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா.

நூலகத்து வாசல் வரைக்கும் போனேன். மனசு கேட்கல. போர் நடுவுல நிக்குது, இவ இத்தனை மாசம் கண்ணைப் பிழிஞ்சு வந்திருக்கா, அப்படியே போட்டுட்டு வர்றதா? திரும்பி வந்து, அவ எதிர்ல உட்கார்ந்து, அவ விட்ட இடத்துல இருந்து பாட்டை உரக்கப் படிச்சேன். ஒரு எழவும் புரியல. கண்ட இடத்துல நிறுத்தினேன், கண்ட இடத்துல சேர்த்தேன்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தா. "அங்க நிறுத்தாதே. சேர்த்துப் படி." படிச்சேன். உரை பக்கமே நான் போகல, அவளே அர்த்தம் சொல்லிக்கிட்டு வந்தா. இத்தனை நாள் ஏறி இறங்கினதுல அந்தப் பாட்டோட பேச்சே அவளுக்குப் பழகியிருந்துச்சு. நாலு பாட்டு போனதும் சட்டுன்னு என் கையைப் பிடிச்சா. அவ கண்ணுல தண்ணி.

"செத்துட்டான்டி."

"யாருக்கா இவன்? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"புத்தகத்தை மூடு"ன்னா. ஒரு துணியை எடுத்து மூக்கைச் சிந்தினா, யார் வீட்டுத் துணியோ. அப்புறம் முதல் பாட்டுல இருந்து, ஒரு வரி விடாம, பார்க்காமலே சொல்ல ஆரம்பிச்சா.